'ஸூட் சூட்' (1981): சொடக்கு போட்டுக் கதையை நிறுத்துகிறவன்

முதல் முறை இந்தப் படத்தை இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். மேடை நாடகத்துக்கு முன்னால் கேமராவை வைத்துவிட்டார்கள், இதில் சினிமா எங்கே இருக்கிறது என்று தோன்றியது. கொட்டகைக்குள் ஆட்கள் வந்து உட்காருவதைக் காட்டுகிறார்கள், மேடை மேடையாகவே தெரிகிறது, பாத்திரங்கள் திடீரென்று நம்மைப் பார்த்துப் பேசுகின்றன. அப்புறம் படம் எந்த வழக்கைப் பற்றியது என்று கொஞ்சம் படித்துவிட்டு, சில மாதம் கழித்து மறுபடி போட்டேன். இந்த முறை 103 நிமிடமும் எழுந்திருக்கவில்லை. மறுநாளே இன்னொரு முறையும் பார்த்தேன். எனக்கு நடந்தது இதைத் தேடிப் பார்க்கப் போகிற உங்களுக்கும் நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வழக்கைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1942 ஆகஸ்ட் 2, லாஸ் ஏஞ்சல்ஸ். 'ஸ்லீப்பி லகூன்' என்று பையன்கள் பெயர் வைத்திருந்த ஒரு நீர்த்தேக்கத்தின் பக்கம் ஹோசே டியாஸ் என்ற இளைஞர் அடிபட்டுக் கிடந்தார், இறந்துபோனார். முந்தைய இரவு பக்கத்து வீட்டில் ஒரு விருந்து, அங்கே ஒரு கைகலப்பு. யார் அடித்தது, எதனால் செத்தார் என்று உருப்படியாக எதுவும் தெரியவில்லை. ஆனால் போலீஸ் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களைச் சுமார் 600 பேரை வாரிக்கொண்டு போனது. கடைசியில் 22 பேரை ஒரே வழக்கில் நிறுத்தினார்கள். அதில் 17 பேருக்கு 1943 ஜனவரியில் தண்டனை. மூன்று பேருக்கு ஆயுள். வழக்கு நடந்த நாட்களில் பையன்கள் முடி வெட்டிக்கொள்ளவும் துணி மாற்றவும் விடப்படவில்லை, தங்கள் வக்கீல்களுக்குப் பக்கத்தில் உட்காரவும் விடப்படவில்லை. அழுக்கும் சிக்குப் பிடித்த தலையுமாக அவர்களை நிற்கவைத்துவிட்டு, 'பார், ரவுடிகள்' என்று காட்டினார்கள். மெக்சிகர்களின் ரத்தத்திலேயே ஆஸ்டெக் (மெக்சிகோவின் பழங்குடிப் பேரரசு) காலத்துக் கொலைவெறி ஊறியிருக்கிறது என்று ஷெரிஃப் அலுவலக அதிகாரி ஒருவர், யார் மேல் வழக்குப் போடலாம் என்று முடிவு செய்கிற கிராண்ட் ஜூரியிடம் அறிக்கையே கொடுத்தார்.

அதே 1943 ஜூனில் இன்னொன்று நடந்தது. விடுமுறையில் திரிந்த கடற்படை ஆட்களும் ராணுவ வீரர்களும் டாக்சி பிடித்துப் போய், 'ஸூட் சூட்' போட்ட பையன்களைத் தேடித் தேடி அடித்தார்கள். தோளில் பஞ்சு வைத்து, முழங்கால் வரைக்கும் தொங்குகிற கோட்டும், தொடையில் தொளதொளவென்று விரிந்து கணுக்காலில் இறுக்கிப் பிடிக்கிற பேன்ட்டும் சேர்ந்ததுதான் அந்த உடை. போர்க்காலத்தில் துணிக்குக் கட்டுப்பாடு இருந்ததால், இவ்வளவு துணியை உடம்பில் போட்டுக்கொண்டு திரிவது தேசத்துரோகம் என்று பேச ஒரு சாக்கு கிடைத்தது. சினிமாக் கொட்டகைக்குள் புகுந்து, டிராமை நிறுத்தி, பையன்களை இழுத்துப் போட்டு அடித்து, உடுப்பை உருவி எரித்தார்கள். கறுப்பினப் பையன்களும் ஃபிலிப்பினோ பையன்களும் இதில் தப்பவில்லை. போலீஸ் வந்து அடிபட்டவர்களைத்தான் கைது செய்தது. பத்திரிகைகள் கைதட்டாத குறை.

இந்த இரண்டையும் சேர்த்து லூயிஸ் வால்டெஸ் எழுதிய நாடகம் 1978-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் மார்க் டேப்பர் ஃபோரம் அரங்கில் ஏறியது. அங்கிருந்து ஹாலிவுட்டில் உள்ள அக்வேரியஸ் அரங்குக்குப் போய் மாதக்கணக்கில் ஓடியது. 1979-ல் நியூயார்க்கின் வின்டர் கார்டன் அரங்கிலும் ஏறியது. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேக்குப் போன முதல் சிகானோ (மெக்சிக வம்சாவளி அமெரிக்கர்) நாடகம் அதுதான். அங்கே 41 காட்சிகளோடு இறக்கிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் தாத்தா, அப்பா, மாமன் கதையைப் பார்க்க வரிசையில் நின்ற ஒன்று, அந்தக் கதை தெரியாத நகரத்தின் விமர்சகர்கள் முன்னால் விழுந்துபோனது. படத்தைப் பார்த்த பிறகு எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. இது தெரிந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்கிற கதை. தெரியாதவர்கள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார வேண்டும்.

படத்தை வால்டெஸே இயக்கினார். பணம் குறைவு, நாளும் குறைவு. சுமார் இரண்டே வாரத்தில், நாடகம் ஓடிய அதே அக்வேரியஸ் அரங்கத்திலேயே எடுத்து முடித்தார்கள். அதனால்தான் மேடை மேடையாகத் தெரிகிறது. கையில் காசில்லாமல் செய்த வேலை என்று இதை மன்னித்து ஒதுக்கிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. 1942-ம் வருடத்துத் தெருவை அச்சு அசலாகக் கட்டி, பழைய கார்களை ஓடவிட்டு எடுத்திருந்தால் அது 'அந்தக் காலத்தில் நடந்த ஒரு சோகம்' ஆகியிருக்கும். நாமும் உச்சுக்கொட்டிவிட்டு எழுந்து போயிருப்போம். இங்கே அதற்கு வழியில்லை. கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற 1981-ம் வருடத்து முகங்களைத் திரும்பத் திரும்பக் காட்டுவதால், நடந்து முடிந்த வழக்கு இன்னும் இவர்கள் முன்னால்தான் நடந்துகொண்டிருக்கிறது என்பது உறைக்கிறது.

சரி, எல் பச்சூகோவுக்கு வருவோம். பச்சூகோ என்றால் அந்த உடையும் அந்த நடையும் அந்தப் பேச்சுமாகத் திரிந்த மெக்சிக அமெரிக்கப் பையன். படத்தில் கதாநாயகன் ஹென்றி ரெய்னா. உண்மை வழக்கில் முதல் குற்றவாளியாக்கப்பட்ட ஹென்றி லேவாஸை வைத்து எழுதிய பாத்திரம். லூயிஸின் தம்பி டேனியல் வால்டெஸ் நடிக்கிறார். ஆனால் ஹென்றியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற, நம் கண்ணுக்கும் தெரிகிற இன்னொருவன் கூடவே நிற்கிறான். கறுப்பு ஸூட் சூட், சிவப்புச் சட்டை, இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ஊஞ்சலாடுகிற சங்கிலி, அகலத் தொப்பி. இடுப்பை முன்னால் தள்ளி, முதுகைப் பின்னால் சாய்த்து, விழுந்துவிடுவானோ என்கிற கோணத்தில் நிற்கிறான், விழமாட்டான். எட்வர்ட் ஜேம்ஸ் ஒல்மோஸ். அதற்கு முன் அவர் பெயரைப் பெரிதாக யாருக்கும் தெரியாது. அந்தக் குரலில் ஒரு கரகரப்பு, திடீரென்று மேலே ஏறிக் கீச்சென்று பாடுகிற ஒரு விளையாட்டு, சிரிப்பா மிரட்டலா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. மேடையில் செய்ததற்காக டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், ஏன் என்று பத்தே நிமிடத்தில் புரிந்துவிடும்.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இவனைப் புரிந்துகொள்ளக் கஷ்டமே இருக்காது. கட்டியங்காரன் செய்கிற வேலையைத்தான் இவன் செய்கிறான்: கதைக்குள் இருக்கிறான், வெளியிலும் இருக்கிறான், ராஜாவைச் சீண்டுகிறான், நம்மிடம் வந்து பேசிவிட்டுப் போகிறான். ஒரே ஒரு வித்தியாசம், இவனிடம் ஒரு சொடக்கு இருக்கிறது. விரலைச் சொடுக்கினால் மேடையில் எல்லாம் அப்படியே நின்றுவிடும். மறுபடி சொடுக்கினால் கிளம்பும்.

அந்தச் சொடக்கு எதற்கு என்று புரிந்தது சனிக்கிழமை இரவு நடனக் காட்சியில். இசை உச்சத்தில் இருக்கிறது, பாடகர் லாலோ கெரேரோவின் பழைய பாட்டுகளுக்கு ஜோடி ஜோடியாகச் சுழல்கிறார்கள், கோட்டு நுனி பறக்கிறது. வேறு கும்பல்காரன் ஒருவன் வந்து ஹென்றியின் தம்பியிடம் வம்பிழுக்கிறான். ஹென்றி கத்தியை எடுத்துவிட்டான். எதிராளியைச் சாய்த்தும் ஆகிவிட்டது, இனி இறக்க வேண்டியதுதான் பாக்கி. சொடக்கு. எல்லாம் நின்றது. பச்சூகோ நிதானமாக நடந்து வந்து ஹென்றியிடம் சொல்வதன் சாரம் இதுதான்: அருமை, இந்த நாடகத்துக்கு இப்போது இதுதான் குறை, இரண்டு மெக்சிகர்கள் ஒருவரையொருவர் குத்திக்கொள்வது, எல்லாரும் இதைப் பார்க்கத்தான் காசு கொடுத்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சொல்லிவிட்டு நம் பக்கம் கையைக் காட்டுகிறான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த இடத்தில்தான். ஏனென்றால் உண்மையாகவே அந்தக் கத்தி எப்போது இறங்கும் என்றுதான் நானும் காத்திருந்தேன். லத்தீன் அமெரிக்கப் பையன் என்றால் கையில் கத்தி இருக்கும் என்று எத்தனையோ படங்கள் எனக்குள் போட்டுவைத்த எதிர்பார்ப்பு அது. படம் அதை என் முன்னாலேயே நிறுத்திவைத்துக் கேட்கிறது. ஹென்றி கத்தியை இறக்குகிறான், எதிராளியைப் போகவிடுகிறான்.

நீதிமன்றக் காட்சிகள் எல்லாம் அதே வேகத்தில் இல்லை, சில இடங்களில் இழுக்கிறது. ஆனால் ஒரு விஷயம் மறக்காது. சாட்சி சொல்லும்போது எந்தப் பையனின் பெயர் வந்தாலும் அவன் எழுந்து நிற்க வேண்டும் என்று உத்தரவாகிறது. பெயர் சொல்லப்படுகிறது, எழுகிறான், உட்காருகிறான், மறுபடி பெயர், மறுபடி எழுகிறான். என்ன செய்தான் என்று யாரும் சொல்வதற்கு முன்பே எழுந்து எழுந்து உட்காருவதே குற்றம் மாதிரி ஆகிவிடுகிறது. அவர்கள் வக்கீல் ஆட்சேபம் சொல்கிறார், நீதிபதி தள்ளுகிறார், மறுபடி சொல்கிறார், மறுபடி தள்ளுகிறார். நமக்கே சலித்துப்போகிறது, அந்தச் சலிப்பையும் சேர்த்துத்தான் படம் கணக்கு வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

மேடைப் பிரதியைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும், அதை இங்கே சொல்லாமல் இருக்க மனமில்லை. நாடகம் தொடங்கும்போது மேடையை மறைத்துக்கொண்டு திரைக்குப் பதிலாக ஒரு பிரம்மாண்டமான செய்தித்தாளின் முதல் பக்கம் தொங்கும். 'ஸூட் சூட் கூட்டம் படையெடுப்பு' என்கிற மாதிரி கொட்டை எழுத்துத் தலைப்பு. பின்னாலிருந்து ஒரு கத்தி முனை அதைக் குத்தி, மேலிருந்து கீழே கிழித்துக்கொண்டு வரும். அந்தக் கிழிசல் வழியாகத்தான் பச்சூகோ வெளியே வந்து, கோட்டைச் சரிசெய்து, தலை சீவிக்கொள்வான். மேடையில் நாற்காலி மேசைக்குப் பதில் கட்டுக் கட்டாகச் செய்தித்தாள்கள். அரசுத் தரப்பில் வாதாடுகிறவனே 'பத்திரிகை' என்ற பெயருள்ள பாத்திரம்தான். அந்தப் பையன்களைப் பற்றி வெளியுலகத்துக்குக் கிடைத்த பதிவு எல்லாம் அந்தச் செய்தித்தாள்கள்தான் என்றால், அதற்குள்ளிருந்து கிழித்துக்கொண்டு வந்தால்தான் அவர்கள் ஆளாகவே நிற்க முடியும். முப்பத்தைந்து வருடம் கழித்து ஒரு நாடகக்காரர் அந்தத் தாளைத் திரையாகத் தொங்கவிட்டுக் கிழித்தார். நினைவுகூர்வதற்கு இதைவிடச் சரியான ஒரு செய்கை எனக்குத் தோன்றவில்லை.

இப்போது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த இடம். ஹென்றி சிறையில், தனிக்கொட்டடியில் கிடக்கிறான். வெளியே ஜூன் கலவரம். சீருடைக்காரர்கள் சூழ்ந்துகொண்டு அடிப்பது பச்சூகோவை. அதுவரை யாராலும் தொட முடியாதவனாக, சொடக்கு போட்டு உலகத்தையே நிறுத்தினவனாக இருந்தவன், இங்கே சொடக்கு போட முடியாமல் விழுகிறான். தொப்பி போகிறது, கோட்டு போகிறது, சட்டை போகிறது. ஒவ்வொன்றாக உருவுகிறார்கள். கூட்டம் விலகினதும், ஒரு கோவணம் மட்டும் கட்டிய உடம்பு குறுகிக் கிடக்கிறது. பிறகு மெதுவாக எழுகிறது. நிமிர்கிறது. ஆஸ்டெக் ரத்தம் என்று அறிக்கை எழுதினவர்கள் அவமானமாக எதைச் சொன்னார்களோ, அதே ஆஸ்டெக் உருவமாக, துணி இல்லாமல், தலை குனியாமல் நிற்கிறான். எல்லாவற்றையும் உருவிய பிறகு மிச்சமிருந்தது அந்த நிமிர்வுதான். அண்ணனின் சூட்டுக்கு ஆசைப்பட்ட தம்பி ரூடியும் அந்த வாரத்தில் அடிபட்டவன் என்பது தெரிய வரும்போது, அந்த வெற்று உடம்பு யாருடையது என்ற கேள்வி திரும்பி வந்து குத்துகிறது. வீட்டில் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த நான் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் திடீரென்று வந்துவிடவில்லை. வால்டெஸ் கலிஃபோர்னியாவின் டெலானோவில் பிறந்தவர், பண்ணைக் கூலிக் குடும்பம். 1965-ல் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. முதலில் இறங்கியது ஃபிலிப்பினோ தொழிலாளர்கள், ஒரு வாரத்தில் சீசர் சாவேஸின் சங்கமும் சேர்ந்தது. வால்டெஸ் அங்கே போய் எல் தெயாத்ரோ காம்பெசினோ என்ற உழவர் நாடகக் குழுவை ஆரம்பித்தார். நடிகர்கள் யார் என்றால், வேலையை நிறுத்திவிட்டு நின்ற தொழிலாளிகளேதான். கழுத்தில் ஒரு அட்டை. ஒருவருக்கு 'வேலைநிறுத்தக்காரன்', இன்னொருவருக்கு 'கருங்காலி', முதலாளிக்குப் பன்றி முகமூடி. தோட்டத்து ஓரமாகத் திறந்த லாரியை நிறுத்தி, அதன் மேலேயே நடித்தார்கள், உள்ளே வேலை செய்துகொண்டிருப்பவர்கள் பார்த்து வெளியே வரட்டும் என்று. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாத இந்தத் துணுக்கு நாடகங்களை 'ஆக்தோ' என்பார்கள். 1966-ல் டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோ வரைக்கும் நடந்த நெடும்பயணத்தில் குழுவும் கூடவே போய், இரவு தங்கிய ஊர்களில் எல்லாம் நடித்தது. 1970-ல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். குழு இன்றைக்கும் சான் ஹுவான் பவுதிஸ்தாவில் இயங்குகிறது. படத்தில் பச்சூகோ நம்மைப் பார்த்து நேராகப் பேசும்போது, அந்தப் பழக்கம் லாரி மேலிருந்து வந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால் படம் இன்னும் நன்றாகத் திறக்கும்.

குறைகளும் உண்டு. எனக்குப் பெரிதாகப் பட்டது பெண்களுக்குக் கிடைத்த இடம். ஹென்றியின் காதலி டெல்லாவும் அந்த இரவு சம்பவத்தில் இருந்தவள். அவளும் தண்டனை அனுபவித்து வருகிறாள். நிஜத்திலும் பல பெண்பிள்ளைகளை, எந்தத் தண்டனையும் இல்லாமலேயே சீர்திருத்தப் பள்ளியில் அடைத்தார்கள். அவர்களுக்குப் படத்தில் ஒரு காட்சிகூட முழுசாக இல்லை. அதற்குப் பதில், பையன்களை மீட்கப் பாடுபட்ட குழுவின் ஆலிஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் ஹென்றிக்கும் நடுவில் ஒரு காதல் இழை. நிஜ வாழ்க்கையில் அந்த வேலையைச் செய்தவர் ஆலிஸ் மெக்ராத். சிறைக்குள் இருப்பவர்களுக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் நடுவில் விடாமல் ஓடியவர். டைன் டேலி அந்தப் பாத்திரத்தை நேர்மையாகத்தான் நடித்திருக்கிறார். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து போராடுகிறார்கள் என்பதே போதுமான கதை, அதற்கு மேல் காதல் தேவைப்படவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். இறந்துபோன ஹோசே டியாஸ் படத்தில் ஏறக்குறைய இல்லவே இல்லை. படையில் சேரக் காத்திருந்த, பண்ணைவேலை செய்த பையன். அவரைக் கொன்றது யார் என்று நீதிமன்றம் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. மற்ற பையன்களைப் பத்திரிகையிடமிருந்து மீட்கிற அவசரத்தில், இவர் பெயர் வழக்குக்கு ஒரு காரணமாக மட்டும் நின்றுவிட்டது. நினைவைப் பற்றிய படம் என்பதால்தான் இந்தக் குறை எனக்கு உறுத்துகிறது.

தொழில்நுட்பமாக இரண்டு சொல். நான் காசு கட்டிப் பார்த்த இணையத் தளத்தில் ஆங்கிலப் பேச்சுக்கு மட்டும்தான் கீழே எழுத்து வந்தது, ஸ்பானியம் வந்த இடத்திலெல்லாம் 'ஸ்பானிய மொழியில் பேசுகிறார்' என்று போட்டு முடித்துவிட்டார்கள். அவர்கள் பேசுவது கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் ஸ்பானியம், மீதி 'கலோ' என்கிற அவர்களுடைய தெருப்பேச்சு. சூட்டுக்கு 'தகூச்சே', ஷூவுக்கு 'கால்கோஸ்', கூடப் பிறந்தவன் மாதிரி நண்பனுக்கு 'கர்னால்'. இந்தப் பேச்சுக்காகவும்தான் அவர்களை அடித்தார்கள், அதையே எழுத்தில் விட்டுவிடுவது அநியாயம். எழுத்து ஒழுங்காக உள்ள பிரதியாகத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் பார்க்கலாம், முகத்திலிருந்தே பாதி புரியும். ஒலி சுத்தமாக இருக்கிறது, பாட்டுகளுக்காகவே நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு பார்க்கிற படம் இல்லை. அடிதடியும் கெட்ட வார்த்தையும் இருக்கிறது.

இது பிடித்துப்போனால் அடுத்து 1954-ல் வந்த 'சால்ட் ஆஃப் தி எர்த்' பாருங்கள். காப்புரிமை காலாவதியான படம், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். நியூ மெக்சிகோவில் துத்தநாகச் சுரங்கத்தில் மெக்சிக அமெரிக்கத் தொழிலாளிகள் நடத்திய வேலைநிறுத்தம்; ஆண்கள் மறியலில் நிற்கக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட, அவர்கள் இடத்தில் பெண்கள் போய் நின்ற உண்மைக்கதை. நாயகனாக நடித்தவர் நிஜ சங்கத் தலைவர் ஹுவான் சக்கோன். நாயகி ரோசௌரா ரெவுவெல்தாஸைப் படப்பிடிப்பு நடக்கும்போதே கைது செய்து மெக்சிகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். 'ஸூட் சூட்' பெண்களுக்குத் தராத இடத்தை அது தருகிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

கடைசியாக, முடிவைப் பற்றி. முடிவு தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். ஆனாலும் இது தெரிந்தால் கெட்டுப்போகிற வகை முடிவு இல்லை.

1944 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. பையன்கள் சான் குவென்டின் சிறையிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். ஹென்றியும் வருகிறான், அம்மா கட்டிக்கொள்கிறாள், பாட்டு. இத்தோடு முடிந்திருந்தால் நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்போம். பச்சூகோ விடவில்லை. வாழ்க்கை அப்படி முடிவதில்லை என்கிற மாதிரி குறுக்கே வருகிறான். வீட்டுக்கு வெளியே போலீஸ் மறுபடி சுற்றத் தொடங்கியாகிவிட்டது. அப்புறம் ஹென்றி என்ன ஆனான் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். பத்திரிகை சொல்கிறது: 1947-ல் கொள்ளை, தாக்குதல் என்று மறுபடி ஜெயில், உள்ளே ஒருவனைக் கொன்றான், போதை, 1972-ல் செத்தான். தம்பி ரூடி சொல்கிறான்: இல்லை, 1950-ல் கொரியப் போருக்குப் போனான், அங்கே வீரமரணம், இறந்த பிறகு நாட்டின் உயரிய பதக்கம் கொடுத்தார்கள். ஆலிஸ் சொல்கிறாள்: 1948-ல் டெல்லாவைக் கட்டிக்கொண்டான், ஐந்து பிள்ளைகள், அதில் மூன்று பேர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள், கலோ பேசுகிறார்கள், தங்களைச் சிகானோ என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

படத்தின் ஆரம்பத்தில் வீட்டில் ஒரு சின்னச் சண்டை வரும். பிள்ளைகள் வாயில் 'சிகானோ' என்ற சொல் வந்ததும் அப்பா அதட்டுவார், அது கீழான சொல், நாம் மெக்சிகர்கள், அப்படிச் சொல்லாதே என்று. முதல் முறை அதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன், அப்பாக்கள் எப்போதும் ஏதாவது அதட்டுவார்கள்தானே என்று. மூன்றாவது முறை பார்க்கும்போது, ஆலிஸ் அந்தச் சொல்லைச் சொன்னதும் ஆரம்பக் காட்சிக்குத் திருப்பிக்கொண்டு போய் அப்பாவின் முகத்தை மறுபடி பார்த்தேன். சாப்பாட்டு நேரத்து முகம், கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருக்கிற முகம். அவருடைய பேரப்பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பெயராக வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. மூன்று முடிவும் சொல்லி முடித்த பிறகு எல்லாரும் ஹென்றியை ஆளுக்கொரு விதமாக அழைக்கிறார்கள்: மகன், அண்ணன், நண்பன், தலைவன். எது சரி என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. பச்சூகோ நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், அதே கோணத்தில் சாய்ந்தபடி.